கயிறும் கப்பியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாரம் தூக்கும் முறைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாரமான பொருள்களைத் தூக்கவும் இறக்கவும் இழுக்கவும் வழங்கிவந்த கயிறு, வடம், கப்பி, துலா ஆகியவற்றையும், இன்று அவற்றின் இடத்தைப் பிடித்துள்ள கம்பிக் கயிறு, சங்கிலி, பெல்ட் ஆகியவற்றையும், அவற்றைக் கையாளும்போது கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு விதிகளையும் பற்றியது இக்கட்டுரை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மானிப்பாயையும் அதன் அயலூர்களையும் ஒட்டியவை. யாழ் நகரிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில் அமைந்த மானிப்பாய்க்கு ஒரு பக்கம் தோட்ட நிலம், ஒரு பக்கம் பனங்கூடல், வீதியின் முடிவில் கடல். தோட்டத்துக்குத் துலாவும், பனைக்குத் தளைநாரும், கடலுக்கு வடமும் வேண்டியிருந்தன.

குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். குடிநீரும் தோட்டத்து நீரும் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த கிணற்றிலிருந்து கயிறு கட்டித்தான் மேலே வரவேண்டியிருந்தது. எனவே பாரம் தூக்குவது இங்கே துறைமுகத்தாருக்கும் கட்டடக்காரருக்கும் மட்டும் உரிய தொழிலாக இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு நாளும் நடந்த வேலை அது.

பெயர்கள்

கயிறு என்பது பொதுப்பெயர். மாட்டைக் கட்டவும் நீர் மொள்ளவும் உதவுவது தாம்பு. தேர் இழுக்கும் பெருங்கயிறு வடம். கப்பலை நிறுத்திக் கட்டும் பருங்கயிறு ஆலாத்து. தேங்காய்த் தும்பில் திரித்தது கொச்சைக்கயிறு, அல்லது வெறுமனே தும்புக்கயிறு. கயிற்றின் உள்ளுறுப்பு புரி. மூன்று புரியை ஒன்றாக முறுக்கியது முப்புரிக் கயிறு. தும்பை ஒரு திசையில் திரித்து இழையாக்கி, இழைகளை எதிர்த்திசையில் முறுக்கிப் புரியாக்கி, புரிகளை மீண்டும் எதிர்த்திசையில் முறுக்கினால் ஒரு முறுக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும், கயிறு பிரியாது. கையால் திரித்தாலும் ஆலையில் திரித்தாலும் இந்த முறை மாறவில்லை.

பாரத்தைக் கயிற்றில் பிணைக்கும் வகைகளுக்கும் தமிழில் பெயர் உண்டு; அவை வீட்டுக்குள் இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. நுனியில் வளையமிட்டு நேராகத் தொங்கவிடுவது கண்ணி. பொருளைச் சுற்றி இறுகப் பிடிப்பது சுருக்கு. சேலையின் இரு தலைப்பையும் வளையில் கட்டிக் குழந்தையைக் கிடத்தும் ஏணையில், பாரம் துணியின் வயிற்றில் கிடக்கிறது. இரு முனையும் மேலே போகின்றன. அடுப்படியில் தயிர்ச்சட்டி தொங்கும் உறியில் பல கால்கள் கீழே பொருளைத் தாங்கி, மேலே ஒரே புள்ளியில் கூடுகின்றன. உலகெங்கும் பாரந்தூக்கிகளில் கட்டும் கட்டுகள் அடிப்படையில் இந்த நான்கே: நேர்க்கட்டு, சுருக்குக்கட்டு, ஏணைக்கட்டு, உறிக்கட்டு. வேலைத்தலத்தில் இவற்றையெல்லாம் ‘சிலிங் போடுதல்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதனால், எந்தக் கட்டு எவ்வளவு தாங்கும் என்ற வேறுபாடு பேச்சில் மறைந்துபோகிறது.

இந்தக் குறை மானிப்பாய்க்குப் பொருந்தாத குறை. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய நூல்களுக்காக எலும்பு, நரம்பு, கருவி ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் தேடினார். 1842இல் அச்சான யாழ்ப்பாண அகராதியை இன்றும் மானிப்பாய் அகராதி என்றே பலர் சொல்வர். மருத்துவத்துக்கும் சொற்களுக்கும் இந்த ஊரில் நடந்தது கயிற்றுத் தொழிலுக்கு நடக்கவில்லை.

தும்பும் நாரும்

குடாநாட்டுக் கயிறுகளை அவற்றின் மூலப்பொருளைக் கொண்டு வகுப்பதே தெளிவானது. முதலாவது தென்னந்தும்பு. தேங்காய்ப் பொச்சைக் களப்பு நீரில் பல மாதம் ஊறப்போட்டு, அடித்து, தும்பைப் பிரித்துத் திரிப்பர். பலத்தில் இது மணிலாக் கயிற்றுக்கு ஈடாகாது. ஆனால் உப்புநீரில் எளிதில் உக்காது, நீரில் மிதக்கும், இழுவிசை வந்தால் நன்றாக நீண்டுகொடுக்கும். இந்த மூன்று குணமும் சேர்ந்ததனால்தான் இந்துமாக்கடலின் பழைய மரக்கலங்களில் பலகையோடு பலகையைத் தைக்கவும் தும்புக்கயிறு பயன்பட்டது. 1344இல் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பதூதா, மாலைதீவில் தும்புக்கயிறு திரிப்பதையும் அதனால் கலங்களைத் தைப்பதையும் குறித்துவைத்திருக்கிறார். ஐரோப்பிய மொழிகளில் தும்புக்கு வழங்கும் ‘கொயர்’ என்ற சொல்லே நமது கயிறுதான். மலையாளக் கரை வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது பனை. மட்டையின் அடியிலிருந்து எடுக்கும் பனந்தும்பு விறைப்பானது, தூரிகைக்கு ஏற்றது. மட்டையை உரித்தெடுக்கும் நாரே கட்டுவதற்கும் பின்னுவதற்கும் உதவும். பனை ஏறுவோர் காலில் மாட்டும் தளைநார் மனித உடலின் பாரத்தை நாள்தோறும் பலமுறை தாங்கும் சிறு கயிறு. அதை ஏறுமுன் இழுத்துப் பார்த்து, நைந்திருந்தால் வீசிவிடுவது வழக்கம். பாவிக்குமுன் பரிசோதித்தல் என்று இன்றைய பாதுகாப்பு நூல்கள் சொல்வது இதைத்தான். 1850இல் வில்லியம் பேர்கசன் பனையைப் பற்றித் தனிநூலே எழுதி வெளியிட்டார். அந்த அளவுக்கு இம்மரம் வடபகுதியின் வாழ்வோடு ஒட்டியிருந்தது.

மூன்றாவது மரல். வாள்போன்ற இலையுடைய இச்செடியின் நார் மிக வலியது, வில்லுக்கு நாண் ஆக்கத்தக்கது. அதன் தாவரவியற் பெயரிலேயே இலங்கையின் பெயர் ஒட்டியிருக்கிறது. ஆனைக்கற்றாழை நார், சணல் ஆகியவை பின்னர் பரவியவை. பிலிப்பைன்ஸ் நாட்டு வாழையினம் ஒன்றின் நாரால் ஆன மணிலாக் கயிறு கப்பல் வழியே வந்து, பலத்தால் ஏனையவற்றைப் பின்தள்ளியது. தோற்கயிறு தனிவகை, அதை யானையைப் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

துலா

துலா என்பது கிணற்றருகே நட்ட ஆடுகாலின் மேல் நிறைகோல்போல ஆடும் நீண்ட மரம். அதன் கிணற்றுப் பக்கத்து முனையிலிருந்து துலாக்கொடி தொங்கும். கொடியின் நுனியில் நீர் மொள்ளும் பட்டை அல்லது வாளி. வீட்டுக் கிணற்றுத் துலாவில் மறுமுனையில் கல்லோ கட்டையோ கட்டி எடையைச் சமன் செய்வர். தோட்டத் துலாவில் மனிதரே எதிர்ப்பாரம். ஒருவரோ இருவரோ துலாவின் மீது ஏறி நின்று, கிணற்றுப் பக்கமாக நடந்தால் பட்டை இறங்கும். பின்பக்கமாக நடந்தால் நீரோடு ஏறும். கீழே ஒருவர் கொடியைப் பிடித்து வழிநடத்திப் பட்டையைக் கவிழ்ப்பார். இதற்குத் துலா மிதித்தல் என்று பெயர்.

இதன் பொறியியல் நேர்த்தி வியக்கத்தக்கது. எதிர்ப்பாரம் நகரக்கூடியதாக இருப்பதால் பட்டையின் வேகத்தை மிதிப்பவரின் அடி எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. திடீர் இழுப்பு நேர்வதில்லை. கயிறு எப்போதும் நிமிர்ந்து தொங்குவதால் நீரின் எடையும் பட்டையின் எடையும் தவிர வேறு விசை அதில் சேர்வதில்லை. கல்விளிம்பில் கொடி உரசாமல் காப்பது கீழே நிற்பவரின் பொறுப்பு. கீழே நிற்பவர் குரல் கொடுக்காமல் மேலே நிற்பவர் அடி எடுத்து வைப்பதில்லை. ஒரு தூக்கலுக்கு ஒரே சைகையாளர் என்று இன்று விதி வகுத்திருப்பது இவ்வழக்கத்தையே.

துலாக்கொடியில் முதலில் நைவது முடிச்சு விழும் இடம். நனைந்து காய்ந்து, காய்ந்து நனைந்து அங்கே நார் உக்கும். ஆகவே முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சிறிது வெட்டி இடம் மாற்றிக் கட்டுவது தோட்டக்காரர் அறிந்த பராமரிப்பு. இன்றைய பாரந்தூக்கிகளிலும் கம்பிக் கயிற்றின் நுனியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை வெட்டி இடம் மாற்றுவது உண்டு, காரணமும் அதே.

துலாவுக்குப் பின் வீடுகளில் கப்பி பரவியது. நிலையான ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. நீர் நிறைந்த 20 கிலோகிராம் வாளியைத் தூக்க 20 கிலோகிராமுக்குச் சற்று மேலான விசை வேண்டும். அத்தோடு கப்பி தொங்கும் வளைமரம் வாளியின் பாரத்தையும் இழுப்பவரின் விசையையும் சேர்த்து ஏறக்குறைய 40 கிலோகிராம் தாங்க வேண்டும். கிணறு இறைக்கவும் கல் எடுக்கவும் வருவோர் கயிற்றை மட்டும் பார்த்து, மேலே உக்கிய வளையைப் பார்க்காமல் விடுவது ஆபத்தான வழக்கம். கீழ்ப்பக்கம் நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுக்கும் விசை ஏறத்தாழப் பாதியாகும், இழுக்க வேண்டிய கயிற்று நீளம் இருமடங்காகும். மேலும் மேலும் கப்பி சேர்த்துப் பெரும்பாரத்தைச் சிலர் தூக்கும் கலையில் கோழிக்கோட்டு மாப்பிளைக் கலாசிகள் பெயர் பெற்றவர்கள். 1988 யூலை 8இல் கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்த ரயில் பெட்டிகளை எடுப்பதில் அவர்களது கப்பியும் கயிறும் பெரிதும் உதவின.

யானையைத் தூக்கிய ஏணை

குடாநாட்டு வரலாற்றில் கயிற்றால் தூக்கிய பெரும்பாரம் யானை. இலங்கை யானைகளைப் பெரிய மரக்கலங்களில் ஏற்றிக் கலிங்க மன்னனுக்கு விற்றதாகப் பழைய எழுத்தாளர் ஈலியன் குறிப்பிடுகிறார். யாழ்ப்பாண மன்னர் காலத்திலும், 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் காலத்திலும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியில் பிடித்த யானைகள் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டுக் கப்பலேறின. வன்னியர் திறையாகவே யானை கொடுத்தனர். ஊர்காவற்றுறையை ஐரோப்பியர் ‘கேய்ட்ஸ்’ என்றது போர்த்துக்கேய மொழியில் துறைமேடையைக் குறிக்கும் சொல்லால். அது யானைகளின் துறைமேடை. மானிப்பாயை அடுத்த ஆனைக்கோட்டையின் பெயரையும் ஊரார் யானையோடு இணைத்தே விளக்குவர்.

யானையைப் பிடிக்கும் பணிக்கர் தும்புக்கயிற்றை நம்பவில்லை. மான்தோலையும் எருமைத்தோலையும் வாராக அரிந்து முறுக்கிய கயிற்றால் சுருக்கிட்டார்கள். பச்சைத்தோல் காயும்போது இறுகும். ஓடும் யானையின் திடீர் இழுப்பைத் தோல் நன்றாகத் தாங்கும். சுருக்கைப் பின்காலில் இட்டு, கயிற்றின் மறுமுனையை அருகிலுள்ள மரத்தில் சுற்றிவிடுவர். மரத்தைச் சுற்றிய கயிறு உராய்வினால் பெரும்பாரத்தைப் பிடித்துக்கொள்ளும், பிடித்திருப்பவருக்குச் சிறு விசை போதும். வள்ளத்தைக் கரையில் நிறுத்துவோர் கயிற்றை முளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதும் இதே அறிவுதான்.

கப்பலேற்றும் முறையை 1859இல் இலங்கை பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் ஒல்லாந்தர் காலத்துக் குறிப்புகளிலிருந்து திரட்டித் தருகிறார். யானையின் வயிற்றைச் சுற்றி வலிய பாய்த்துணி கட்டப்படும். பழகிய யானைகள் இரண்டுக்கு நடுவே அதைக் கடலில் இறக்கிக் கப்பலருகே நீந்தவிடுவர். அங்கே கப்பிக் கயிற்றைப் பாய்த்துணியில் மாட்டி மேலே ஏற்றுவர். இது ஏணைக்கட்டேயன்றி வேறில்லை. வளர்ந்த ஆசிய யானையின் எடை ஏறத்தாழ 2.5 தொன் முதல் 5 தொன் வரை. அதன் உடலைச் சுற்றிக் கயிறு கட்டித் தூக்கினால் கயிறு தோலை அறுத்து விலாவை நெரிக்கும். அகலமான துணி அதே பாரத்தைப் பரந்த பரப்பில் பகிர்ந்துவிடும். மெல்லிய குழாயையும் மெருகேற்றிய கருங்கல்லையும் புதிய படகையும் இன்று அகலப் பெல்ட்டில் தூக்குவதற்கு இதுவே காரணம். நைலோன் பிறக்க நெடுங்காலத்துக்கு முன்பே அகலப் பெல்ட்டின் பயன் குடாநாட்டுக் கடலில் தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் இதைவிடச் சிறந்த வழி கண்டார்கள். தட்டையான அடியுடைய படகில் பலகை பரப்பி, அதன் தளத்தைத் துறைமேடையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரு பக்கமும் பச்சைக் குழை கட்டி நீர் தெரியாமல் மறைத்து, யானையை நடத்தியே ஏற்றினார்கள். தூக்காமல் செய்யக்கூடிய வேலையைத் தூக்கிச் செய்யாதே என்பது இன்றும் பாரந்தூக்கும் பாடத்தின் முதல் வரி. அந்தத் துறைமேடையில் அது நடைமுறையாகவே இருந்தது.

கப்பலும் தேரும்

வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை இந்திய, பர்மியத் துறைகளுக்கு ஓடின. அவற்றுள் புகழ்பெற்றது 1930இல் கட்டிய அன்னபூரணி. 89 அடி நீளமான இந்த இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ரொபின்சன் வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறையை விட்ட கப்பல், 1938 ஓகஸ்டில் மசச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. குறுக்குப் பருமல்களில் பாயைத் தூக்கி நிறுத்துவது முழுவதும் கயிறும் கப்பியும் செய்யும் வேலை. அதில் தேர்ந்த வல்வெட்டித்துறை மாலுமிகள் அத்திலாந்திக்கையும் கடந்தார்கள்.

கூட்டாக இழுப்போருக்கு நேரம் ஒத்திருக்க வேண்டும். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல் அதற்கே உதவியது. பாட்டின் தாளத்தில் எல்லாக் கைகளும் ஒரே நொடியில் இழுக்கின்றன. இந்தியத் துறைமுகங்களில் கலாசிகள் ‘இறக்கு’ என்பதற்கு ‘ஆரியா’ என்று குரல் கொடுப்பது போர்த்துக்கேய மாலுமிச் சொல்லின் எச்சம்.

மானிப்பாய் மருதடி விநாயகர் கோயிலில் சித்திரைப் புத்தாண்டு நாளில் தேர். பெருந்தொகையானோர் இரு வடங்களைப் பிடித்து இழுக்கின்றனர். சில்லின் முன் முட்டுக்கட்டை இடுவோர் தேரை நிறுத்தவும் திருப்பவும் செய்கின்றனர். தேரில் பாரம் தூக்கப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. ஆயினும் வடத்தில் வரும் விசை பெரிதும் கூடிக்குறையும். நின்ற தேர் அசையத் தொடங்கும் நொடியில்தான் வடம் உச்ச விசையைத் தாங்குகிறது. இறுகிய வடம் அறுந்தால் அதன் முனை மீளடித்து வரும். அந்த வரையில் நிற்பவருக்குத் தப்ப நேரம் இருக்காது. வடத்துக்கு இருபுறமும் நின்று இழுக்கலாம். இரண்டு வடத்துக்கு நடுவிலும் தேருக்கு நேர் முன்னாலும் சிறுவரை நிற்கவிடக் கூடாது.

கோணம்

பாரம் தூக்குவதில் நேரும் தவறுகளுள் மிகப் பெரியது கோணத்தை மறப்பது. உறியைப் பாருங்கள். அதன் கால்கள் நீளமாக, ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கின்றன. அதே சட்டியைக் குட்டையான கால்களில், கயிறு இரு பக்கமும் படுத்தாற்போலக் கட்டினால் நார் அறும். சட்டி கனத்ததனால் அன்று, கயிறு சரிந்ததனால்.

1000 கிலோகிராம் எடையை இரண்டு காலில் தூக்குவதாகக் கொள்வோம். இரண்டும் நிமிர்ந்து நின்றால் ஒவ்வொன்றும் 500 கிலோகிராம் தாங்கும். கிடையோடு 60 பாகைக் கோணத்தில் 577. 45 பாகையில் 707. 30 பாகையில் ஒவ்வொரு காலும் முழு 1000 கிலோகிராம் தாங்க வேண்டும். 15 பாகையில் அது 1932 ஆகிறது. பாரம் மாறவில்லை, கயிற்றுக்கு வரும் இழுப்பு நான்கு மடங்கை நெருங்கிவிட்டது. ஆகவே 30 பாகைக்குக் கீழே எந்தக் கட்டும் போடக் கூடாது, 60 பாகைக்கு மேலே இருப்பது நல்லது. அளவுகோல் இல்லாதவருக்கு ஒரு எளிய வழி: இரு காலும் பாரத்தில் கட்டிய புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் குறையாத நீளம் ஒவ்வொரு காலுக்கும் இருந்தால் கோணம் 60 பாகை அல்லது அதற்கு மேல்.

கட்டின் வகையும் பலத்தை மாற்றும். நேர்க்கட்டின் பலத்தை 100 என்றால், சுருக்குக்கட்டு ஏறக்குறைய 80 மட்டுமே தாங்கும். சுருக்கு விழும் இடத்தில் கயிறு கூர்மையாக மடிகிறது. ஏணைக்கட்டு இரு காலும் நிமிர்ந்திருந்தால் 200 தாங்கும். முடிச்சுப் போட்ட கயிறு பாதிப் பலம் இழந்ததாகவே கணக்கிட வேண்டும். புரியைப் பிரித்துப் பின்னி ஆக்கிய கண்ணி, முடிச்சைவிட மிக அதிகமான பலத்தைக் காக்கும். எனவே பாரம் தூக்கும் கயிற்றில் கண்ணியைப் பின்ன வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது.

மணிலாக் கயிற்றுக்குத் தொழிலாளர் கையாளும் சுருக்கக் கணக்கு ஒன்று உண்டு. கயிற்றின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கினால் வருவது பாதுகாப்பான பாரம், கிலோகிராமில். 24 மில்லிமீற்றர்க் கயிற்றுக்கு 576 கிலோகிராம். இனி ஒரு கிணற்று வளையத்தை எடுப்போம். வெளிவிட்டம் 1.2 மீற்றர், சுவரின் கனம் 10 சென்ரிமீற்றர், உயரம் அரை மீற்றர். கொங்கிறீற் ஒரு கனமீற்றர் 2400 கிலோகிராம் என்று கொண்டால் வளையம் ஏறக்குறைய 415 கிலோகிராம். 24 மில்லிமீற்றர்க் கயிறு புதிதாக, நிமிர்ந்து, பின்னிய கண்ணியோடு இருந்தால் தாங்கும். அதையே இரண்டு காலாக்கி 30 பாகையில் சரித்து முடிச்சுப் போட்டால், ஒவ்வொரு காலுக்கும் 415 வருகிறது, தாங்கும் அளவோ 288. கயிறும் வளையமும் அதேதான். கட்டிய விதம் மட்டும் ஒரு பாதுகாப்பான வேலையை விபத்தாக்குகிறது.

கம்பிக் கயிறு, சங்கிலி, பெல்ட்

இரும்புக் கம்பியைப் புரியாக்கிக் கயிறு முறுக்கும் முறையை 1834இல் ஜேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் அல்பேட் நிறைவேற்றினார். முன்பு பாவித்த சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்தால் எல்லாம் போகும். கம்பிக் கயிற்றில் ஒரு கம்பி அறுந்தால் அது எச்சரிக்கை. மற்றவை தாங்கி நிற்கும். இன்று பாவனையில் உள்ள கம்பிக் கயிற்றில் பெரும்பாலும் ஆறு புரிகள் நடுத்தண்டு ஒன்றைச் சுற்றி முறுக்கியிருக்கும். விட்டத்தின் வர்க்கத்தை எட்டால் பெருக்குவது இதற்குரிய சுருக்கக் கணக்கு. 12 மில்லிமீற்றருக்கு 1152 கிலோகிராம். ஒரு முறுக்கு நீளத்துக்குள் பத்துக் கம்பி, அல்லது ஒரே புரியில் ஐந்து கம்பி அறுந்திருந்தால் கட்டுக்கயிற்றைக் கழித்துவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. நசுங்கியது, முறுக்கேறி மடிந்தது, துருப்பிடித்து விறைத்தது, வெப்பத்தில் நிறம் மாறியது எல்லாமே கழிக்க வேண்டியவை. உப்புக்காற்று வீசும் குடாநாட்டில் துரு உள்ளிருந்து தொடங்கும். எண்ணெய் பூசிய வெளிப்புறம் நன்றாகத் தெரிவதைக் கொண்டு கயிற்றை நம்பக் கூடாது.

கம்பிக் கயிற்றின் நுனியை மடித்துக் கண்ணியாக்கும் ‘யூ’ வடிவ இறுக்கிகளைப் போடுவதில் பலரும் தவறுகின்றனர். இறுக்கியின் சேணம்போன்ற அடிப்பாகம் பாரம் தாங்கும் கயிற்றில் பதிய வேண்டும். ‘யூ’ வளைவு மடித்த வெட்டுநுனியின் மேல் வர வேண்டும். மாறிப் போட்டால் வளைவு பாரம் தாங்கும் கயிற்றை நசுக்கிவிடும். ஷக்கிள் எனும் இணைப்பு வளையத்தின் ஆணியைக் கட்டுக்கம்பியாலும் சாதாரண ஆணியாலும் மாற்றுவது அதைவிடக் கொடிய தவறு. கொழுக்கியின் வாயில் நாக்கு இல்லையென்றால் அது தூக்கத் தகுதியற்றது.

பெல்ட் என்று எல்லோரும் சொல்லும் தட்டையான நெய்த பட்டி இன்று மிகப் பரவலானது. ஐரோப்பிய முறையில் அதன் நிறமே பலத்தைச் சொல்கிறது. ஊதா 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, மண்ணிறம் 6, நீலம் 8, செம்மஞ்சள் 10 தொன். அறுபடும் எல்லை இதில் ஏழு மடங்கு. அந்த ஏழு மடங்கு தேய்மானத்துக்கும் அதிர்வுக்கும் வைத்த காவல், கூடுதல் பாரம் ஏற்றுவதற்கு அன்று. பெல்ட்டில் தைத்த சிட்டையின் நிறம் நூலின் வகையைச் சொல்லும்: நீலம் பொலியெஸ்டர், பச்சை நைலோன், மண்ணிறம் பொலிப்புரொப்பிலீன். நைலோன் நனைந்தால் பலம் சிறிது குறையும்; பொலிப்புரொப்பிலீன் வெயிலில் நொறுங்கும். மீன்பிடிக்கு வாங்கிய பொலிப்புரொப்பிலீன் கயிற்றைக் கூரையில் பாரம் ஏற்றப் பாவிப்பது இதனால்தான் ஆகாது. பெல்ட்டுக்குக் கொடிய பகை கூர்விளிம்பு. கொங்கிறீற் மூலையிலும் இரும்புத் தகட்டிலும் மடிந்த சாக்கோ அரிந்த ரயர்த் துண்டோ வைக்காமல் பெல்ட்டைச் சுற்றக் கூடாது. வெட்டு விழுந்த பெல்ட்டைத் தைத்துப் பாவிக்க முடியாது.

சட்டமும் இன்றைய நிலையும்

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சங்கிலி, கயிறு, தூக்குகருவி ஆகியவற்றின் பாதுகாப்பைப் பற்றி விதிக்கிறது. பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, தூக்குவதற்குப் பயன்படும் கட்டுக்கயிறு, ஷக்கிள் போன்றவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுடையவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். இங்கும் அதைப் பின்பற்றுவது நல்லது. 2009க்குப் பின் குடாநாட்டில் கட்டட வேலை பெருகியது. மாடிவீடு, தண்ணீர்த் தாங்கி, கொங்கிறீற் தூண் ஆகியவற்றைத் தூக்கப் பூம் ட்ரக்கும் செயின் புளொக்கும் பெக்கோவும் வந்துவிட்டன, துலா அருகிவிட்டது.

பெக்கோ மண் அள்ளும் இயந்திரம். அதன் வாளிப் பல்லில் பெல்ட்டை மாட்டிப் பாரம் தூக்கக் கூடாது; தூக்குவதற்கென்று செய்த வளையம் அதில் இருந்தால் மட்டும், இயந்திரத்தின் பட்டியல் அனுமதிக்கும் எடைவரை தூக்கலாம். தொங்கும் பாரத்தின் கீழ் எவரும் நிற்கக் கூடாது. பாரத்தை வழிநடத்த நீண்ட கயிறு கட்ட வேண்டும், கையால் பிடிக்கக் கூடாது. முதலில் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி நிறுத்தி, கட்டு இறுகியதா, பாரம் சமநிலையில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே மேலே எடுக்க வேண்டும்.

மானிப்பாயிலும் அயலூர்களிலும் உள்ள இரும்பு வேலைத்தலத்தாரும் மேசன்மாரும் பூம் ட்ரக் உரிமையாளரும் 60, 45, 30 பாகைக் கணக்கைத் தமிழில் எழுதிப் பெல்ட் தொங்கும் சுவரில் ஒட்டிவைக்க வேண்டுகிறோம். கண்ணி, சுருக்கு, ஏணை, உறி என்ற பெயர்களையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். துலா மிதித்தவர்களும் தேருக்கு முட்டுக்கட்டை இட்டவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வேறு பெயர்களையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிட்டை அறுந்து எடை தெரியாமற்போன பெல்ட்டை இன்றே வெட்டி வீசுங்கள்.